பாயும் ஆலாவை ஃபோகஸில் பிடித்த விதம்

படகிலிருந்து, ஆலா என்ற கடற்பறவை மீனுக்காகப் பாய்வதைப் படமெடுத்தால் பறவை மங்கலாகவும் பின்னாலிருக்கும் அலை பளிச்சென்றும் விழுந்துகொண்டே இருந்தது. லென்ஸ்தான் கோளாறோ என்று பார்த்தால், கரையில் அதே லென்ஸ் அச்சுப் பிசகாமல் எடுத்தது.

பறவைக்குப் பின்னால் வானம் இருக்கும்வரை கேமராவுக்குச் சிக்கலில்லை. தண்ணீர் வந்ததும் ஃபோகஸ் மினுங்கும் அலைக்குத் தாவிவிடும். ட்ராக்கிங் சென்சிட்டிவிட்டியை, அதாவது ஃபோகஸ் எவ்வளவு சீக்கிரம் வேறொன்றுக்குத் தாவும் என்ற அமைப்பை, குறைத்தேன். அலை குறுக்கிட்டாலும் கேமரா உடனே மனம் மாறுவதில்லை. ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து கேமராவின் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றியதும் உதவியது.

ஆனால் பாதி வேலை பறவையைப் படிப்பதில்தான். ஆலா பாயுமுன் காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் சிறகடித்தபடி, அலகைக் கீழே தாழ்த்தி நிற்கும். அப்போதே பிடித்துவிட வேண்டும்; விழத் தொடங்கியபின் தேடினால் தெறிக்கும் தண்ணீர்தான் மிச்சம். கேனட் என்ற பெரிய கடற்பறவை இன்னும் கடினம். 30 மீட்டர் உயரத்திலிருந்துகூட விழும். சிறகை முழுதாகப் பின்னுக்கு மடிப்பது நீரைத் தொடுவதற்குச் சற்று முன்புதான்.

ஷட்டர் வேகம் 1/3200 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ. கரிய கடல்நீரின் பின்னணியில் வெள்ளைச் சிறகு வெளுத்துப்போகாமல் இருக்க எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 2/3 ஸ்டாப் குறைப்பேன்.

முக்காலி வேண்டவே வேண்டாம், எஞ்சின் அதிர்வு அப்படியே ஏறும். படகின் கைப்பிடிக் கம்பியில் லென்ஸைச் சாய்த்தாலும் அதே கதைதான். முழங்காலை லேசாக மடக்கி, ஆட்டத்தை இடுப்பில் வாங்கிக்கொண்டு கையில் பிடிப்பதே மேல். லென்ஸில் உப்புத் துளி பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.