சிவப்புத் திரையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி. கணினிக் கூடத்துக்கு இணைய வடிகட்டி வாங்கலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் முடிவு செய்து, விற்பனையாளரை வரச் சொல்லியிருந்தது. நெட்வொர்க் வேலை தெரிந்தவன் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். அவர் ஓர் ஆங்கில ஆபாசத் தளத்தின் முகவரியைத் தட்டினார். ‘தடுக்கப்பட்டது’ என்று திரை சிவப்பாக மாறியது. எல்லாருக்கும் திருப்தி, கறிபாப்பும் தேநீரும் வந்துவிட்டன.

பக்கத்துக் கணினியில் நான் தமிழில் தேடிப் பார்த்தேன். அரைகுறை ஆடைப் படங்களோடு ஒரு கிசுகிசு தளம் தடையே இல்லாமல் திறந்தது. மலாயில் ‘ஸ்லாட்’ சூதாட்டத் தளம் ஒன்றும் திறந்தது. “அதெல்லாம் அடுத்த அப்டேட்டில் வந்துவிடும் சார்” என்றார் அவர்.

பள்ளிகள் செய்கிற பெரிய தவறு இதுதான். விற்பவர் காட்டும் முகவரிகளை வைத்தே மென்பொருளை எடைபோடுகிறோம். இவற்றில் பல ஆங்கிலம் பேசும் நாட்டுப் பள்ளிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் பிள்ளைகளோ தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் தேடுகிறார்கள். போதாததற்குத் தங்கிலீஷ் வேறு. அதனால் பட்டியலை நீங்களே போடுங்கள். தடுக்க வேண்டியவை இருபத்தைந்து, கட்டாயம் திறக்க வேண்டியவை இருபத்தைந்து. உங்கள் பள்ளியின் கணினிக் கூடத்திலேயே இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் விலையைப் பற்றிப் பேச்சு.

திறக்க வேண்டியவை என்று ஏன் சொல்கிறேன் என்றால், சொல்லை வைத்துத் தடுக்கும் வசதி பல நேரம் தடுக்கக் கூடாததைத்தான் தடுக்கும். மலாயில் ‘செக்ஸ்’ என்ற சொல்லின் எழுத்துகள் அப்படியே ‘செக்‌ஷன்’ என்பதற்கான மலாய்ச் சொல்லிலும் இருக்கின்றன. ஷா ஆலாம் நகரின் பகுதிகளுக்கு அந்தச் சொல்லோடு எண் சேர்த்துத்தான் பெயர், அதனால் அங்குள்ள முகவரிகளில் பாதி போச்சு. பட்டர்வொர்த் என்று ஆங்கிலத்தில் எழுதினால் முதல் நான்கு எழுத்துகள் பின்புறத்தைக் குறிக்கும் சொல். ஆக, சொந்த ஊரின் பெயரே சந்தேகத்துக்குரியது! தமிழிலும் கதை இதுதான். ஒரு பள்ளியில் யாரோ ஆர்வக்கோளாறில் ‘காம’ என்ற எழுத்துகளைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். காமத்துப்பால் போனது சரி, காமராஜரும் காமன்வெல்த்தும் கூடவே போய்விட்டார்கள். கட்டுரைப் போட்டிக்குத் தகவல் தேடிய மாணவி, “காமராஜர் கெட்டவரா டீச்சர்?” என்று கேட்டிருக்கிறாள். முழுச் சொல்லாகப் பொருந்தினால்தான் வடிகட்டி தடுக்குமா, இல்லை வேறொரு சொல்லின் நடுவில் இருந்தாலும் பிடிக்குமா என்பதை விற்பவரிடம் கேளுங்கள். பதில் தெரியாமல் முழித்தால் அங்கேயே பாதி முடிவு தெரிந்துவிடும்.

அடுத்தது தொழில்நுட்பக் குழப்பம். இன்றைய தளங்கள் பெரும்பாலும் இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டவை. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வழியாக வேலை செய்யும் வடிகட்டிக்குத் தளத்தின் பெயர் மட்டும்தான் தெரியும். மாணவன் யூடியூப் போகிறான் என்று தெரியும், எந்தக் காணொளி என்று தெரியாது. யூடியூப்பின் கட்டுப்பாட்டு முறையையும் கூகுளின் பாதுகாப்பான தேடலையும் டிஎன்எஸ் வழியாகவே கட்டாயமாக்கலாம், அதற்குத் தனிச் செலவு இல்லை. சின்னப் பள்ளிக்கு இதோடு கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் இலவச 1.1.1.3 டிஎன்எஸ் சேவையையும் சேர்த்தால் நல்ல தொடக்கம். அது ஆபாசத் தளங்களையும் தீம்பொருளையும் தடுக்கும். சூதாட்டத்தை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் உலாவியே தன் டிஎன்எஸ் கேள்விகளை மறைத்து வெளியே அனுப்பும் வழி 2018இலேயே இணையத் தரநிலையாகிவிட்டது. அதை மூடவில்லை என்றால் வடிகட்டி பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும். வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு போகும் விபிஎன் உலாவி நீட்சிகளும் அப்படித்தான், ஐந்தாம் ஆண்டுப் பையனுக்கே போடத் தெரிகிறது. கணினியில் மாணவர் கணக்குக்கு எதையும் நிறுவும் அனுமதி தராதீர்கள். இது காசு செலவில்லாத வேலை, அதனாலேயே யாரும் செய்வதில்லை.

“எங்கள் வடிகட்டிப் பெட்டி மறைகுறியாக்கத்தைப் பிரித்தே பார்க்கும்” என்பார்கள் விற்பவர்கள். பார்க்கும்தான். அதற்கு ஒவ்வொரு கருவியிலும், பெட்டியை நம்பச் சொல்லும் ஒரு மின்னணுச் சான்றிதழைப் பதிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 7 வந்த 2016 முதல், பயனர் பதிக்கும் சான்றிதழைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை, பல செயலிகள் திறக்காமலே போகும். ஆசிரியர் அதே வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறந்தால் அதையும் பெட்டி பிரித்துப் பார்க்கும். வங்கி, மருத்துவத் தளங்களுக்கு விலக்கு இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். யார் எந்தத் தளத்தைப் பார்த்தார் என்ற பதிவேடு எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்ப்பார் என்பதையும்தான். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காமல், பள்ளியே ஒரு விதியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

டெலிமா விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. டெலிமா என்பது கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம். கூகுளில் நுழையவும் பயன்படும் மாணவர்களின் டெலிமா கணக்குகளை நிர்வகிப்பது அந்த அமைச்சு. குரோம்புக் மடிக்கணினியில், கணக்குகளை நிர்வகிக்கும் கூகுள் நிர்வாகப் பலகை வழியாக இயங்கும் வடிகட்டியை வாங்கிவிட்டு, அந்தப் பலகை நம் கையில் இல்லை என்று அப்புறம் கண்டுபிடித்தால் பணம் வீண்.

விளம்பரத் தாளில் உள்ள வேகத்தையும் அப்படியே நம்பாதீர்கள். அது பெரும்பாலும் எதையும் பிரித்துப் பார்க்காதபோது கிடைக்கும் வேகம். நாற்பது கணினியும் ஒரே நேரத்தில் காணொளி பார்க்கும்போது அளந்து பாருங்கள். சந்தாவைப் பற்றியும் கேளுங்கள். முதல் வருடம் நன்கொடையில் ஓடும், இரண்டாம் வருடம் கட்டாவிட்டால் தடைப் பட்டியல் புதுப்பிக்கப்படாது. பெட்டியின் விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும்.

தடையை நீக்குவது யார் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். வகுப்பு நடக்கும்போது பாடப் பக்கம் மூடிக்கொண்டால், கோலாலம்பூர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு மூன்று நாள் காத்திருக்க முடியாது. பட்டர்வொர்த் பள்ளியில் நூலகப் பொறுப்பாசிரியருக்கும் துணைத் தலைமையாசிரியருக்கும் அந்தக் கடவுச்சொல் கொடுக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பக்கத்தை, யார், ஏன் திறந்தார் என்று ஒரு நோட்டில் எழுதுகிறார்கள். சந்தா புதுப்பிக்கும்போது விற்பனையாளரின் மேசையில் முதலில் வைக்கப்போவது அந்த நோட்டைத்தான்.