வாட்டர்லூவில் மென்பொருள் பொறியியல்: சம்பள வேலையோடு சேர்ந்த படிப்புக்கு முதலிலிருந்து ஒரு வழிகாட்டி

டொராண்டோவுக்கு மேற்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டரில் இருக்கிறது வாட்டர்லூ பல்கலைக்கழகம். 1957-இல் தொடங்கியபோதே, சில மாதம் வகுப்பு, சில மாதம் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை என்ற கோ-ஆப் முறையோடுதான் தொடங்கியது. மென்பொருள் பொறியியல் பட்டத்தில் கோ-ஆப் கட்டாயம். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பள்ளி முடிக்கும் பிள்ளைகளும், தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து விண்ணப்பிப்பவர்களும் இடம் கிடைத்தால் போதும், வேலையைப் பல்கலைக்கழகம் கொடுத்துவிடும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அது தவறு. பல்கலைக்கழகம் தருவது வேலை விளம்பரங்களும் இன்டர்வியூவுக்கான ஏற்பாடும். வேலையை நீங்கள்தான் வாங்க வேண்டும், அதுவும் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே.

படி 1: கால அட்டவணையைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு டெர்மும் 4 மாதம். செப்டம்பர் முதல் டிசம்பர் ஃபால், ஜனவரி முதல் ஏப்ரல் விண்டர், மே முதல் ஆகஸ்ட் ஸ்பிரிங். மொத்தம் 8 படிப்பு டெர்ம், 6 வேலை டெர்ம். ஆக 14 டெர்ம், 4 ஆண்டு 8 மாதம். பட்டம் பெற 6 வேலை டெர்மில் குறைந்தது 5-ஐ வெற்றிகரமாக முடித்திருக்க வேண்டும். ஒரு டெர்ம் வேலை கிடைக்காமல் போனால் படிப்பு கவிழ்ந்துவிடாது. இரண்டு டெர்ம் போனால் சிக்கல்.

மென்பொருள் பொறியியல் மாணவர்கள் முதல் இரண்டு டெர்மும் (1ஏ, 1பி) தொடர்ந்து படித்துவிட்டு, மே மாதம் முதல் வேலைக்குப் போகிறார்கள். அதற்கான தேடல் ஜனவரியிலேயே தொடங்கிவிடும். எனவே ரெஸ்யூமேயில் எழுதுவதற்கு உங்களிடம் இருக்கப்போவது பள்ளியில் செய்ததும் முதல் 4 மாதத்தில் கற்றதும் மட்டுமே. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 2: சேர்க்கை

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் நான்கும் இருக்க வேண்டும். ஒன்டாரியோ பள்ளி மாணவர்கள் கணிதத்தில் அட்வான்ஸ்டு ஃபங்ஷன்ஸ், கால்குலஸ் அண்ட் வெக்டார்ஸ் இரண்டையும் எடுத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கணினி அறிவியல் குரூப் மாணவர்களுக்குப் பாடங்கள் இயல்பாகவே பொருந்தும். இலங்கையில் உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவு எடுத்தவர்களுக்கும் அப்படியே. ஆங்கிலத் தேர்வு தேவைப்படுபவர்களுக்கு ஐஇஎல்டிஎஸ்ஸில் மொத்தம் 6.5, எழுத்திலும் பேச்சிலும் தனித்தனியே 6.5 வேண்டும்.

மதிப்பெண்ணுக்கு அடுத்தபடி முக்கியமானது ஏஐஎஃப் எனப்படும் சேர்க்கைத் தகவல் படிவம். நிரல் எழுதிய அனுபவம் உண்டா என்பதை இந்தத் துறை குறிப்பாகப் பார்க்கும். 'எனக்குக் கணினி என்றால் உயிர்' என்று எழுதுவது இடத்தை வீணாக்கும். எந்த மொழியில், எதைச் செய்தீர்கள், யார் பயன்படுத்தினார்கள், எங்கே சிக்கியது என்று எழுதுங்கள். கனடியக் கணினிப் போட்டி போன்றவற்றில் கலந்துகொண்டிருந்தால் குறிப்பிடுங்கள். பொறியியல் துறையின் வீடியோ நேர்காணல் கட்டாயமில்லை என்றாலும் தவறாமல் கொடுங்கள். விண்ணப்பக் கடைசி நாள் ஜனவரி இறுதியை ஒட்டி வரும், ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். அதனால் டிசம்பரிலேயே முடித்துவிடுவது நல்லது.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் படிப்பு அனுமதியோடு வேலை டெர்முக்கான அனுமதியையும் கவனிக்க வேண்டும். நெடுங்காலமாக இதற்குத் தனியாக ஒரு கோ-ஆப் வேலை அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கனடாவின் குடிவரவு விதிகள் அடிக்கடி மாறுவதால், அந்த மாதத்து நிலவரத்தை அரசு தளத்திலேயே பாருங்கள். ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். கனடா வந்ததும் சமூகக் காப்புறுதி எண்ணை வாங்கிவிடுங்கள். தற்காலிகமாக வசிப்பவர்களுக்கு அது 9-இல் தொடங்கும். அந்த எண் இல்லாமல் சம்பளம் போட முடியாது.

படி 3: பணக் கணக்கு

முதல் இரண்டு டெர்முக்கான கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் முதல் சம்பளம் வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். 8 மாதம் ஒரு டாலர் கோ-ஆப் வருமானமும் கிடையாது.

சம்பளத்தை இப்படிக் கணக்கிடுங்கள். வாரம் 37.5 மணி, 16 வாரம் என்றால் 600 மணி. மணிக்கு 25 டாலர் என்று வைத்துக்கொண்டால் 15,000 டாலர். வருமான வரி, ஓய்வூதியப் பங்களிப்பு, வேலையின்மைக் காப்புறுதி ஆகியவை இதிலிருந்து பிடிக்கப்படும். வேலை டொராண்டோவில் என்றால் வாடகையே பெரும்பங்கை விழுங்கும். வாட்டர்லூவில் 12 மாத ஒப்பந்தத்தில் அறை எடுத்திருந்தால் வேலை டெர்மில் அதை வேறொருவருக்கு உள்வாடகைக்கு விட வேண்டியிருக்கும். எல்லா மாணவர்களும் ஒரே நேரத்தில் ஆள் தேடுவார்கள் என்பதால் வேலை உறுதியான அன்றே அறிவிப்புப் போட்டுவிடுங்கள்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது: கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் மாணவருக்கு இந்தச் சம்பளம் கல்விக் கட்டணத்தில் பெரும்பகுதியை அடைக்கக்கூடும். சர்வதேசக் கட்டணம் செலுத்துபவருக்கு அது அடைக்காது. கோ-ஆப் சம்பளத்தை நம்பிக் கடன் திட்டம் போடுவது ஆபத்து.

படி 4: ரெஸ்யூமே

ஒரே பக்கம். புகைப்படம், பிறந்த தேதி, அப்பா பெயர் எதுவும் வேண்டாம். முதலாமாண்டு மாணவருக்கு வேலை அனுபவம் இருக்காது என்பது முதலாளிகளுக்குத் தெரியும், அதனால் அவர்கள் பார்ப்பது புராஜெக்டுகளை. இரண்டோ மூன்றோ போதும், ஆனால் வரி ஒவ்வொன்றும் வேலை செய்ய வேண்டும்.

மோசமான வரி: 'பைதான் கொண்டு கடை மேலாண்மைச் செயலி உருவாக்கினேன்.'

நல்ல வரி: 'மளிகைக் கடைக்கு பில் போடும் செயலி, பைதான், எஸ்க்யூலைட். 8,000 பொருள்களில் தேடல் 3 விநாடி எடுத்தது; பெயர்ப் பத்தியில் இண்டெக்ஸ் சேர்த்து 0.2 விநாடிக்குக் கொண்டுவந்தேன்.'

இரண்டாவது வரியைப் பார்த்ததும் இன்டர்வியூ எடுப்பவருக்கு இண்டெக்ஸ் (தரவுத்தளத்தில் தேடலை வேகமாக்கும் அட்டவணை) ஏன் உதவியது என்று கேட்கத் தோன்றும். உங்களுக்கு விடை தெரிந்த கேள்வியை அவரே கேட்க வைக்கிறீர்கள். இதனாலேயே, செய்யாத எதையும் எழுதாதீர்கள். திறன்கள் பட்டியலில் பதினைந்து மொழிகளை அடுக்கினால், அதில் நீங்கள் தொட்டுக்கூடப் பார்க்காத ஒன்றிலிருந்துதான் கேள்வி வரும். 1ஏ-யில் சி.எஸ். 137 பாடத்தில் சி மொழி படித்திருப்பீர்கள். சுட்டிகளையும் நினைவக ஒதுக்கீட்டையும் தெளிவாக விளக்க முடிந்தால் அதுவே பெரிய பலம்.

டிசம்பர் விடுமுறையில் ஒரு சிறு புராஜெக்டை முழுமையாக முடித்து, நிரலைப் பிறர் பார்க்க வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஏற்றுங்கள். எப்படி ஓட்டுவது என்று விளக்கும் ரீட்மீ கோப்பு கட்டாயம் இருக்கட்டும்.

படி 5: விண்ணப்பமும் இன்டர்வியூவும்

விளம்பரம், விண்ணப்பம், இன்டர்வியூ நேரம், முடிவு எல்லாம் வாட்டர்லூவொர்க்ஸ் என்ற தளத்தில் நடக்கும். உங்கள் விண்ணப்பத்தோடு பல்கலைக்கழக மதிப்பெண்களும் போகும். 1ஏ-யில் கோட்டை விட்டால் அது ஜனவரியிலேயே கம்பெனிகள் கண்ணில் படும்.

வழக்கமான தவறு, பெரிய பெயர்களுக்கு மட்டும் போடுவது. 'கலிஃபோர்னியா இல்லையென்றால் வேண்டாம்' என்ற பிடிவாதம் வாட்டர்லூ மாணவர்களிடையே பேர்பெற்றது. நான்காவது டெர்மில் அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம், முதல் டெர்மில் இல்லை. வாட்டர்லூ வட்டாரத்தில் இருக்கும் காப்புறுதி நிறுவனங்கள், ஓபன்டெக்ஸ்ட் போன்ற மென்பொருள் நிறுவனங்கள், அரசு அலுவலகங்கள், பள்ளி வாரியங்கள், சின்னஞ்சிறு ஸ்டார்ட்அப்கள் எல்லாவற்றையும் கலந்து போடுங்கள். மென்பொருளைச் சோதிக்கும் பிரிவு வேலையை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். பிறர் எழுதிய பெரிய நிரலை முழுதாகப் பார்க்க அங்கேதான் வாய்ப்புக் கிடைக்கும்.

சில விளம்பரங்கள் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ கேட்கும். கூட்டரசு தரும் மாணவர் சம்பள மானியம் குடிமக்கள், நிரந்தரவாசிகள், அகதிப் பாதுகாப்புப் பெற்றவர்களுக்காகவே வடிவமைக்கப்பட்டது. அதை நம்பும் சிறு நிறுவனங்கள் சர்வதேச மாணவரைத் தவிர்க்கக் காரணம் இதுதான், உங்கள் திறமை அல்ல. ஒன்டாரியோ மாகாணத்தின் கோ-ஆப் வரிச் சலுகை வேறு வகை. ஒரு வேலை டெர்முக்கு 3,000 டாலர் வரை முதலாளிக்குக் கிடைக்கும். தெரிந்தவர் மூலமாக நீங்களே ஒரு வேலையைத் தேடிக்கொண்டால் (பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் வேண்டும்) முதலாளியிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

இன்டர்வியூக்களும் இடைத்தேர்வுகளும் ஒன்றோடொன்று மோதும். இது ஒவ்வொரு டெர்மிலும் நடக்கும். ஆகவே முதல் மூன்று வாரத்தில் பாடத்தில் முன்னே ஓடிவிடுங்கள். நிரல் கேள்விக்கு விடை எழுதும்போது மௌனமாக இருக்காமல், என்ன யோசிக்கிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பாதி விடையோடு தெளிவாக யோசிப்பவரை எடுப்பார்கள்.

படி 6: தரவரிசை, பலர் கோட்டை விடும் இடம்

முதல் சுற்று இன்டர்வியூக்கள் முடிந்ததும் முதலாளிகள் மாணவர்களை வரிசைப்படுத்துவார்கள். உங்களுக்குத் திரையில் தெரிவது மூன்றே நிலைதான்: ஆஃபர், தரவரிசையில் உண்டு, தரவரிசையில் இல்லை. ஆஃபர் என்றால் நீங்கள் அவர்களுக்கு 1. தரவரிசையில் உண்டு என்றால் அதற்குப் பின்னால் ஏதோ ஓர் எண், அது உங்களுக்குத் தெரியாது. பிறகு நீங்கள் வேலைகளுக்கு 1, 2, 3 என்று எண் போடுவீர்கள். இரண்டு எண்ணையும் கூட்டி, குறைந்த கூட்டுத்தொகையிலிருந்து பொருத்திக்கொண்டே போவார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 'அ' கம்பெனி உங்களுக்கு ஆஃபர் தந்திருக்கிறது. 'ஆ' கம்பெனி உங்களுக்குப் பிடித்தது, ஆனால் அங்கே நீங்கள் தரவரிசையில் மட்டும் இருக்கிறீர்கள். 'ஆ'-வுக்கு 1, 'அ'-வுக்கு 2 போடுகிறீர்கள். 'ஆ'-விடம் ஆஃபர் பெற்றவர் அதற்கு 1 போட்டால் அவருடைய கூட்டுத்தொகை 2. வேலை அவருக்கு. இனி உங்களுக்கு மிஞ்சியது 'அ': 1 கூட்டல் 2, அதாவது 3. ஆனால் 'அ'-வின் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருக்கும் மாணவர் அதற்கு 1 போட்டிருந்தால் அவருக்கும் 3. இருவரும் சமம். கையில் இருந்த ஆஃபர் இப்போது குலுக்கலுக்குப் போய்விட்டது.

ஆஃபருக்கு 1 போட்டால் கூட்டுத்தொகை 2, அந்த வேலை நிச்சயம் உங்களுடையது. முதல் வேலை டெர்முக்கு எங்கள் பரிந்துரை: ஆஃபர் ஒன்று இருந்தால் அதற்கே 1 போடுங்கள். பொருத்தப்பட்ட வேலை ஒப்பந்தத்துக்குச் சமம். பிறகு பின்வாங்கினால் தண்டனை உண்டு. எனவே போகவே விருப்பமில்லாத வேலைக்கு எண் போடாதீர்கள்.

முதல் சுற்றில் ஒன்றும் அமையாவிட்டால் பதற வேண்டாம். அடுத்தடுத்த சுற்றுகளில் விளம்பரங்கள் வந்துகொண்டே இருக்கும், முதலாமாண்டு மாணவர்களில் பலருக்கு வேலை அங்கேதான் அமைகிறது. ஒரு வாரம் சோர்ந்து உட்கார்ந்தால் அந்த வார விளம்பரங்கள் போய்விடும்.

படி 7: வேலையில்

முதல் வாரத்தில் உங்கள் கணினியில் கம்பெனியின் நிரல் ஓட வேண்டும். அதுவே இலக்கு. அதை நிறுவச் சொல்லித்தரும் வழிகாட்டியில் பிழை கண்டால் அதைத் திருத்துவதே உங்கள் முதல் பங்களிப்பாக இருக்கலாம். ஒரு சிக்கலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நகராவிட்டால் கேளுங்கள். கேட்கும்போது என்ன முயன்றீர்கள், திரையில் என்ன செய்தி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரியவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பழகிய நம் பிள்ளைகள் இரண்டு நாள் பேசாமல் சிக்கிக் கிடப்பார்கள். மேலாளருக்கு அது வேலை செய்யாததாகவே தெரியும்.

வெள்ளிக்கிழமை தோறும் செய்ததை நாலு வரி எழுதி வையுங்கள். டெர்ம் முடிவில் முதலாளி உங்களை மதிப்பிடுவார். மிக மேலே 'அவுட்ஸ்டாண்டிங்', மிகக் கீழே 'அன்சாடிஸ்ஃபேக்டரி'. அந்த மதிப்பீடு அடுத்த முதலாளிகளுக்கும் தெரியும். டெர்மின் நடுவிலேயே 'இதுவரை எப்படி இருக்கிறது, எதை மாற்ற வேண்டும்' என்று மேலாளரிடம் கேட்டுவிட்டால், திருத்திக்கொள்ள இரண்டு மாதம் மிச்சம் இருக்கும்.

அலுவலகக் கணினியை ஒப்படைப்பதற்கு முன்பே ரெஸ்யூமேயில் அந்த வேலைக்கான வரிகளை எழுதி, வெளியே சொல்லக்கூடியவைதானா என்று மேலாளரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எண்களும் விவரங்களும் பிறகு நினைவில் நிற்காது. அடுத்த டெர்ம் வகுப்பு தொடங்கிய சில நாளிலேயே வாட்டர்லூவொர்க்ஸில் புதிய விளம்பரங்கள் வந்துவிடும்.