பயன்படுத்தாத கணக்கில் பணம் கரையாமல் பார்த்துக்கொள்வது எப்படி

எப்போதோ ஒரு தேவைக்காகத் திறந்த ஆன்லைன் வாலட்டில் கொஞ்சம் பணம் மிச்சம் இருக்கும், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிடுவோம். ஆனால் பல இடங்களில் அது அப்படியே இருக்காது. ஸ்க்ரில் என்ற வாலட்டில் 6 மாதம் லாகினும் இல்லை, பரிவர்த்தனையும் இல்லை என்றால் அதன்பிறகு மாதாமாதம் 5 யூரோ கழிப்பார்கள். பேபால் சில நாடுகளில் 12 மாதம் தொடாத கணக்கிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம் எடுக்கிறது. மீதி அந்தக் கட்டணத்தைவிடக் குறைவு என்றால் இருப்பதை மட்டும் எடுக்கும், கடனாக ஏறாது.

முதல் வேலை, எங்கெங்கே கணக்கு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. பழைய மின்னஞ்சல்களில் 'வாலட்', 'ஸ்டேட்மென்ட்', 'கணக்கு தொடங்கப்பட்டது' போன்ற சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் ஒரு தடவை பாருங்கள். மறந்துபோன கணக்குகள் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

அடுத்தது கட்டண விவரப் பக்கம். இதில் கவனிக்க வேண்டியது கட்டணத் தொகையைவிட, எதைச் செய்தால் கணக்கு உயிரோடு இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள் என்பதைத்தான். சில வாலட்களில் உள்ளே நுழைந்து வெளியே வந்தாலே போதும். சில வங்கிகளில் அது போதாது, நீங்களாகப் பணம் போடவோ எடுக்கவோ அனுப்பவோ வேண்டும். வங்கியே வட்டி வரவு வைப்பதும் கட்டணம் பிடிப்பதும் உங்கள் நடவடிக்கையாகக் கணக்கில் வராது. மாதாமாதம் வட்டி வருகிறதே, கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று நினைத்துப் பலர் ஏமாறுவது இங்கேதான்.

கணக்கு வேண்டும் என்றால், கெடு முடிய ஒரு மாதம் முன்பே ஒலிக்கும்படி காலண்டரில் நினைவூட்டல் போட்டு, ஒரு சிறு தொகையை அனுப்பி வையுங்கள். மொபைல் எண் மாறியிருந்தால் பழைய எண் கையில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். அது போய்விட்டால் ஓடிபி வராது, பிறகு அடையாள ஆவணங்களை அனுப்பிக் காத்திருக்க வேண்டியதுதான்.

வேண்டாம் என்றால் மூடிவிடுவதே நல்லது, சும்மா விட்டுவைக்காதீர்கள். மூடும்போது வரிசை முக்கியம்: முதலில் அந்தக் கணக்கிலிருந்து பணம் போகும் சந்தாக்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், அப்புறம் ஸ்டேட்மென்ட்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் (மூடிய பிறகு கிடைப்பது கஷ்டம்), பிறகு பணத்தை வெளியே எடுத்து, கடைசியாக மூடச் சொல்லி, மூடியாயிற்று என்ற பதிலையும் பத்திரப்படுத்துங்கள். ஆப்பை நீக்கினால் கணக்கு மூடாது. மீதி ரொம்பச் சிறியது, எடுப்பதற்கான கட்டணமும் நாணய மாற்றுச் செலவும் அதையே விழுங்கிவிடும் என்றால், அந்தப் பணத்தில் ஏதாவது வாங்கித் தீர்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

வங்கிக் கணக்கில் நாட்டுக்கு நாடு விதி மாறும். இந்தியாவில் 2 ஆண்டுக்கு மேல் வாடிக்கையாளர் நடவடிக்கை இல்லாத சேமிப்புக் கணக்கு செயலற்றதாகிவிடும். ஆனால் அதை மறுபடி உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது, அதில் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று அபராதமும் போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி, 2024 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. 10 ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். அப்போதும் உரிமை போகாது, வங்கி வழியாகக் கேட்டு வாங்கலாம்.

ஏற்கெனவே கழித்துவிட்டார்களா? வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, முன்னறிவிப்பு எந்தத் தேதியில் எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள் என்று கேளுங்கள், திருப்பித் தரும்படியும் நேரடியாகக் கேளுங்கள். தர வேண்டிய கட்டாயம் இல்லாவிட்டாலும் கேட்பவர்களுக்குச் சில நேரம் கிடைக்கிறது. ஆனால் 'உங்கள் கணக்கு முடங்கப்போகிறது, இங்கே அழுத்துங்கள்' என்று வரும் மின்னஞ்சலில் உள்ள இணைப்பை மட்டும் தொடாதீர்கள். முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய்ப் பாருங்கள்.