சின்ன மோட்டார்ஹோமுக்கு பேட்டரி, ஜெனரேட்டர், பின்னால் இழுக்க ஒரு கார்: தேர்வு செய்வது எப்படி?

அமெரிக்காவில் முதல் முறையாக மோட்டார்ஹோம் (உள்ளேயே சமைத்து, தூங்கிப் பயணம் போகும் வண்டி) வாங்கியவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். எத்தனை பேட்டரி போடலாம்? பின்னால் எந்தக் காரைக் கட்டி இழுக்கலாம்? இரண்டும் வேறு வேறு கேள்வி மாதிரி தெரியும். ஆனால் 24 அடி வண்டியில் இரண்டும் ஒரே கணக்குதான். நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு பேட்டரியும் ஜெனரேட்டரும் வண்டியின் எடையைக் கூட்டும். எடை கூடக் கூட இழுக்கக்கூடிய காரின் அளவு குறையும். அதனால் முதலில் மின்சாரம், அப்புறம் எடை, கடைசியில்தான் கார். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இங்கே சொல்வது 20 முதல் 25 அடி வரையுள்ள வண்டிகளுக்கு. ஃபோர்டு இ-350, இ-450 வேன் அடிச்சட்டத்தின் (சேசிஸ்) மேல் கட்டிய கிளாஸ் சி வண்டிகளும், மெர்சிடீஸ் ஸ்பிரின்டர் 3500 மேல் கட்டிய வின்னபேகோ வியூ போன்றவையும் இதில் அடங்கும்.

படி 1: ஒரு நாள் செலவை எழுதுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு சாதனமும் எத்தனை வாட், ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓடும் என்று எழுதிப் பெருக்குங்கள். வருவது வாட்-மணி. ஊரில் இ.பி. பில்லில் பார்க்கும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி.

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குச் சுமாராக இப்படி வரும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் நாளுக்கு 600. குளிர் இரவில் ஹீட்டரின் விசிறி விட்டு விட்டு மொத்தம் நான்கு மணி நேரம் ஓடினால் 400. விளக்கு, போன், லேப்டாப் எல்லாம் சேர்த்து 300. தண்ணீர் பம்ப் 20. சட்னி அரைக்க 550 வாட் மிக்ஸி பத்து நிமிடம் ஓடினால் 90. இன்ஸ்டன்ட் பாட்டில் ஒரு வேளை சாதம் 250 வரை. மொத்தம் 1,700-க்குள்.

மிக்ஸி பத்து நிமிடம் ஓடினால் ஒன்றும் ஆகிவிடாது. அதன் சத்தத்தைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் பேட்டரியைத் தின்பது நாள் முழுக்க ஓடும் ஃபிரிட்ஜும் ராத்திரியில் விட்டு விட்டு ஓடும் ஹீட்டர் விசிறியும்தான். (ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி இங்கே உதவாது. 110 வோல்ட் மிக்ஸி அமெரிக்காவிலேயே இந்தியக் கடைகளில் கிடைக்கும்.)

இந்தக் கணக்கில் ஏசியைச் சேர்க்கவில்லை, வேண்டுமென்றேதான். கூரையில் இருக்கும் 13,500 பி.டி.யு. ஏசி ஓடும்போது 1,400 வாட் அளவில் இழுக்கும். ஆறு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் 8,400 வாட்-மணி. மற்ற எல்லாவற்றையும் கூட்டினால் வருவதைப்போல ஐந்து மடங்கு. இதைப் பேட்டரியில் ஓட்ட நினைக்கும்போதுதான் செலவு எகிறும். ஏசி வேண்டுமென்றால் ஜெனரேட்டர் அல்லது மின் இணைப்பு உள்ள கேம்ப்கிரவுண்ட் என்று முடிவு செய்துவிடுங்கள். சின்ன வண்டிக்கு அதுதான் சரி என்பது என் கருத்து.

படி 2: பேட்டரி

ஈய-அமில பேட்டரியில் எழுதியிருக்கும் கொள்ளளவில் பாதியைத்தான் நம்பலாம். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறைந்துவிடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று 1,280 வாட்-மணி தரும். இரண்டு போட்டால் 2,560. மேலே போட்ட கணக்குக்கு ஒன்றரை நாள் தாங்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டு போதும்.

எடையையும் பாருங்கள். 100 ஆம்பியர்-மணி லித்தியம் 30 பவுண்டுக்குள் வரும். ஈய-அமிலம் 60-க்கு மேல். அதே பயன் கிடைக்க ஈய-அமிலத்தில் நான்கு வேண்டும் என்பதால் 60 பவுண்டுக்கும் 250 பவுண்டுக்கும் உள்ள வித்தியாசம் இது. படி 6-இல் போடும் எடைக் கணக்கில் இந்த 190 பவுண்டும் சேரும்.

லித்தியம் வாங்கினால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, தண்ணீர் உறையும் குளிரில் அதை சார்ஜ் செய்யக் கூடாது. வெளிப்பெட்டியில் வைக்காமல் வண்டிக்குள் வையுங்கள், அல்லது ஹீட்டர் உள்ள பேட்டரியாக வாங்குங்கள். இரண்டு, வண்டியோடு வந்த பழைய கன்வெர்ட்டர் (வெளி மின்சாரத்தில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) லித்தியத்தை முழுதாக நிரப்பாமல் போகலாம். லித்தியம் அமைப்பு உள்ளதாக மாற்ற வேண்டியிருக்கும். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக வயர் இழுத்தால் லித்தியம் கிடைத்த மட்டும் உறிஞ்சும், ஆல்டர்னேட்டர் சூடாகிப் பழுதாகும். நடுவில் டிசி-டிசி சார்ஜர் ஒன்று கட்டாயம். 40 ஆம்பியர் சார்ஜர் மணிக்கு 500 வாட்-மணி வரை கொடுக்கும். இரண்டு மணி நேரம் ஓட்டினாலே நாள் செலவில் பாதிக்கு மேல் வந்துவிடும்.

படி 3: இன்வெர்ட்டரும் சோலாரும்

மிக்ஸி, இன்ஸ்டன்ட் பாட், மைக்ரோவேவ் ஆகியவற்றுக்கு 2,000 வாட் ப்யூர் சைன் (வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தரும்) இன்வெர்ட்டர் போதும், ஒரு நேரத்தில் ஒன்று என்றால். 2,000 வாட்டை 12 வோல்ட்டில் எடுக்கும்போது ஏறக்குறைய 180 ஆம்பியர் ஓடும். மெல்லிய வயரில் அது தீவிபத்து. பேட்டரிக்குப் பக்கத்திலேயே இன்வெர்ட்டரை வைத்து, தடித்த வயரைக் குட்டையாகப் போட்டு, பேட்டரி முனையை ஒட்டி ஃப்யூஸ் வைக்க வேண்டும். கை வராது என்றால் இந்த ஒரு வேலைக்காவது ஆள் வையுங்கள்.

சோலார் 100 வாட் பலகை ஒன்று நல்ல கோடை வெயிலில் நாளுக்கு 300 முதல் 400 வாட்-மணி தரும். சின்னக் கூரையில் 400 வாட் பொருந்தினால் நாள் செலவு கிட்டத்தட்ட ஈடாகும். மர நிழலில் நிறுத்தினாலும் குளிர்காலத்திலும் பாதி கூட வராது.

படி 4: ஜெனரேட்டர்

கிளாஸ் சி வண்டிகளில் பெரும்பாலும் கம்மின்ஸ் ஓனன் 4,000 வாட் ஜெனரேட்டர் வண்டியோடு வரும். ஏசியும் மைக்ரோவேவும் அதில் ஓடும். பெட்ரோலை வண்டியின் டேங்கிலிருந்தே எடுக்கும். டேங்க் கால் பங்குக்கு வந்ததும் ஜெனரேட்டர் நின்றுவிடும், பழுது என்று பதற வேண்டாம். காட்டுக்குள் பெட்ரோல் இல்லாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று குழாயை அந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு முறை சுமை கொடுத்து இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். சும்மா கிடந்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். பழைய வண்டி வாங்கும்போது ஜெனரேட்டர் ஓடிய மொத்த மணிநேரம் குறைவாக இருப்பது நல்ல செய்தி இல்லை.

ஜெனரேட்டர் இல்லாத வண்டி என்றால் ஹோண்டா இயூ2200ஐ மாதிரி கையில் தூக்கும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் வாங்கலாம். எடை 47 பவுண்டு. பெயரில் 2,200 இருந்தாலும் தொடர்ந்து தருவது 1,800 வாட். ஏசி தொடங்கும் நொடியில் அதற்கு மேல் கேட்கும், அதனால் ஏசியில் அந்தத் தொடக்க இழுப்பைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட் கருவி பொருத்தினால்தான் ஓடும். மலை ஏறினால் இன்னும் குறையும்: 1,000 அடிக்கு சுமார் 3.5 சதவீதம். கொலராடோவில் 8,000 அடியில் 1,300 வாட் கிடைத்தால் பெரிய விஷயம். நல்லவேளை, அந்த உயரத்தில் ஏசி அதிகம் தேவைப்படாது.

எந்த ஜெனரேட்டரானாலும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. ஜன்னலுக்கு அடியில் வைக்காதீர்கள். ஓட விட்டுத் தூங்காதீர்கள். வண்டியில் உள்ள கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் காலாவதித் தேதியைப் பாருங்கள். யோசெமிட்டி போன்ற தேசியப் பூங்காக்களின் கேம்ப்கிரவுண்டுகளில் மின் இணைப்பே கிடையாது, ஜெனரேட்டர் ஓட்டவும் குறிப்பிட்ட நேரம்தான்.

படி 5: வெளி இணைப்பு

சின்ன வண்டிக்கு 30 ஆம்பியர், 120 வோல்ட், அதாவது 3,600 வாட். ஏசியும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடலாம், கூடவே தண்ணீர் ஹீட்டரை மின்சாரத்தில் போட்டால் பிரேக்கர் விழும். வோல்டேஜைச் சோதித்துக் கரண்டை விடும் சர்ஜ் ப்ரொடெக்டரில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். வீட்டு வாசலில் இணைப்பு வைக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் 120 வோல்ட் என்று அழுத்திச் சொல்லுங்கள். அந்த மூன்று கால் சாக்கெட்டைத் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கானது என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்து, வண்டியில் உள்ள சாதனங்கள் எல்லாம் எரிந்துபோவது அடிக்கடி நடக்கிறது.

படி 6: எடைக் கணக்கு

கதவருகே மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் எழுதியிருக்கும். டேங்கில் உள்ள தண்ணீரும் அதில் சேர்த்தி: ஒரு காலனுக்கு 8.3 பவுண்டு, 30 காலன் என்றால் 250.

அடுத்து இரண்டு எண்களைத் தேடுங்கள். ஜி.வி.டபிள்யூ.ஆர். என்பது வண்டி மட்டும் இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. ஜி.சி.டபிள்யூ.ஆர். என்பது வண்டியும் இழுக்கும் காரும் சேர்ந்து இருக்கக்கூடியது. ஃபோர்டு இ-450-இல் இவை 14,500, 22,000. முழுச் சுமையோடு போனாலும் 7,500 பவுண்டு மிச்சம். ஸ்பிரின்டர் 3500 மேல் கட்டிய வியூவில் 11,030, 15,250. மிச்சம் 4,220 தான். ஆனால் பின்னால் இருக்கும் ஹிட்சில் (காரை மாட்டும் இணைப்பு) 5,000 என்று எழுதியிருக்கும், அதை நம்பி நான்கு கதவு ஜீப் ராங்ளர் வாங்குபவர்கள் உண்டு. அந்த ஜீப்பின் பல ரகங்கள் 4,220-ஐத் தாண்டிவிடும். ஹிட்ச் எண், மிச்ச எண், இழுப்புக் கம்பியின் எண், மூன்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் வரம்பு.

காகிதக் கணக்கோடு நிற்காமல், ஆட்கள், சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றி, லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையத்தில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடையில் ஏற்றுங்கள். 20 டாலருக்குள் முடியும். ஒவ்வோர் அச்சின் எடையும் தனித்தனியாகச் சீட்டில் வரும்.

படி 7: கார் உண்மையில் வேண்டுமா?

குழந்தைகளை எழுப்பி, சாமான்களைக் கட்டி, மின் வயரைப் பிடுங்கி, பால் வாங்க வண்டியை எடுப்பது எரிச்சல்தான். சில இடங்களில் வேறு வழியும் இல்லை. கிளேசியர் தேசியப் பூங்காவில் கோயிங் டு த சன் சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடமாட்டார்கள். ஆனால் யோசெமிட்டி பள்ளத்தாக்கிலும் சயானிலும் இலவச ஷட்டில் பஸ் ஓடுகிறது. கார் இழுக்கக் கம்பி, அதை மாட்டக் காரின் முன்னால் பொருத்தும் முன்தகடு, பிரேக், வயரிங் எல்லாம் சேர்ந்து சில ஆயிரம் டாலர் ஆகும். 24 அடிக்குள் உள்ள வண்டி என்றால் முதல் வருடம் கார் இல்லாமல் போய்ப் பாருங்கள், தேவைப்படும் ஊரில் வாடகைக்கு எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

படி 8: எந்தக் கார்

வேண்டும் என்று முடிவானால் வழி மூன்று. நான்கு சக்கரமும் தரையில் உருள இழுப்பது, முன் சக்கரங்களை மட்டும் டாலி என்ற இரண்டு சக்கரச் சின்ன வண்டியில் ஏற்றுவது, முழுக் காரையும் டிரெய்லரில் ஏற்றுவது. டிரெய்லரின் எடையே 1,500 பவுண்டைத் தாண்டும் என்பதால் சின்ன வண்டிக்கு ஒத்துவராது. டாலி முன்சக்கர இயக்கக் காருக்குச் சரி, நான்கு சக்கர இயக்கத்துக்குக் கூடாது. இடம் குறைவான கேம்ப்கிரவுண்டில் காலி டாலியை எங்கே நிறுத்துவது என்பது தனித் தலைவலி.

நான்கு சக்கரமும் உருள இழுக்க எல்லாக் காரும் ஆகாது. எஞ்சின் நின்றிருக்கும்போது சக்கரம் சுற்றினால் பல ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிகளில் எண்ணெய் ஓடாது, உள்ளே எரிந்துவிடும். காரின் கையேட்டில் ரெக்ரியேஷனல் டோயிங் என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே அனுமதி இல்லை என்றால் விற்பவர் என்ன சொன்னாலும் இல்லைதான். நம் வீட்டு வாசல்களில் அதிகம் நிற்கும் டொயோட்டா சியன்னா ஹைப்ரிடும் டெஸ்லாவும் இதற்கு ஆகாது. ஜீப் ராங்ளர் ஆகும், எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டுவிடலாம். 2014 வரை வந்த ஹோண்டா சிஆர்-வி ஆகும். 2015-இல் சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பெட்டி வந்ததும் அந்த வசதி போய்விட்டது. பழைய சிஆர்-வி 3,600 பவுண்டுக்குள் இருப்பதால் ஸ்பிரின்டருக்கும் பொருந்தும். ஒரே குறை, புறப்படுமுன் எஞ்சினை ஓட்டி, பிரேக்கை மிதித்தபடி கியரை டி-யில் சில நொடி வைத்து, நியூட்ரலுக்கு மாற்றி, மூன்று நிமிடம் ஓட விட்டு நிறுத்த வேண்டும். வேகம் மணிக்கு 65 மைலைத் தாண்டக் கூடாது.

படி 9: இணைப்பும் பிரேக்கும்

மோட்டார்ஹோம் ஹிட்சும் காரின் முன்தகடும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்; ஹிட்ச் மூன்று அங்குலம் வரை மேலே இருக்கலாம், கீழே இருக்கக் கூடாது. காருக்குத் தனி பிரேக் கருவி கட்டாயம் போடுங்கள். எந்த எடையிலிருந்து தேவை என்ற சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறினாலும், 3,500 பவுண்டு பின்னாலிருந்து தள்ளும்போது சட்டம் வந்து வண்டியை நிறுத்தாது. இணைப்பு அறுந்தால் காரின் பிரேக்கைத் தானே பிடிக்கும் பிரேக்அவே சுவிட்சும், குறுக்காகக் கட்டிய பாதுகாப்புக் கேபிளும் வேண்டும். பிரேக் கருவி காரின் பேட்டரியைத் தின்னும், அதனால் மோட்டார்ஹோமிலிருந்து காருக்கு ஒரு சார்ஜ் வயரும் இழுத்துவிடுங்கள்.

உருளும் காரோடு பின்னோக்கி எடுக்க முடியாது. சில அடி போனாலே முன்சக்கரம் திருகிக் கம்பி வளையும். பெட்ரோல் போட நுழையும் முன்பே வெளியே வரும் வழியைப் பார்த்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால் காரைக் கழற்றுவதுதான் வழி, ஐந்து நிமிட வேலை.

முதல் ஓட்டத்தில் காலி பார்க்கிங்கில் மெதுவாக ஒரு சுற்றுப் போங்கள். கூட வந்தவர் வெளியே நின்று காரின் நான்கு சக்கரமும் சுற்றுகிறதா, விளக்குகள் மோட்டார்ஹோமோடு சேர்ந்து எரிகின்றனவா என்று பார்க்கட்டும். ஐம்பது மைல் தாண்டியதும் நிறுத்தி, பின்கள், கேபிள்கள் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். காரின் சக்கர மையத்தருகே கையைக் கொண்டுபோங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அதில் பிரேக் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மேலே ஓட்ட வேண்டும்.