பீட்டா பிளாக்கர் அளவு: நாடி எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைக்கும்போது நேரும் தவறுகள்

இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று ஈசிஜியில் தெரிந்து, துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர்களான மெட்டோபிரோலாலோ பிசோபிரோலாலோ எழுதிக் கொடுக்கப்பட்ட பலருடைய வீட்டில் முதல் வாரத்திலேயே ஒரு பழக்கம் தொற்றிக்கொள்கிறது. காலையில் எழுந்ததும் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்ப்பார்கள். 56 என்று காட்டினால் அன்றைய மாத்திரையை விட்டுவிடுவார்கள். மாலையில் கடைத்தெருவுக்குப் போய்வந்து படபடப்போடு உட்காரும்போது 120 என்று காட்டினால், காலையில் விட்டதோடு இன்னொன்றையும் சேர்த்து விழுங்குவார்கள். மறுநாள் காலை எண் மீண்டும் 50-ஐ ஒட்டி இறங்கி நிற்கும். அளவு சரிப்படாமல் மாதக்கணக்கில் அலைபவர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பழக்கமே வேர் என்பது என் கருத்து.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடிக்கும்போது, நிமிடத்துக்கு 350-க்கும் மேற்பட்ட தாறுமாறான மின்தூண்டல்கள் எழுகின்றன. அவற்றில் எத்தனை கீழறைகளுக்கு இறங்கலாம் என்பதை இரண்டுக்கும் இடையிலுள்ள ஏவி கணு தீர்மானிக்கிறது. பீட்டா பிளாக்கர் அட்ரினலினின் தூண்டுதலைத் தடுத்து, அந்தக் கணு வழியாக மின்தூண்டல் இறங்குவதை மெதுவாக்குகிறது. மேலறையின் துடிதுடிப்பை நிறுத்துவது அதன் முதல் வேலையன்று. ஆகவே மாத்திரை போட்ட பிறகும் நாடி ஒழுங்கற்று இருந்தால் அளவு போதவில்லை என்று முடிவுகட்டுவது தவறு. அளவை மாற்றியபின் அதன் பலனைச் சில நாட்களாவது, பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்கள், பொறுத்துப் பார்த்தே எடைபோட முடியும். நாளுக்கு நாள் மாறும் அளவை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் எதையும் கணிக்க இயலாது. மிகக் குறைந்த எண்ணைக் கண்டு அஞ்சுபவர்கள், எந்த எண்ணுக்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்திவைத்துத் தொலைபேசியில் கேட்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளலாம். தலைசுற்றலோ மயக்கமோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் எண்ணுக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாடி 72 ஆக இருந்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் அடுத்த தவறு. பள்ளிப் பாடத்தில் படித்த அந்த எண் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கான இலக்கு அல்ல. நிலைத்துவிட்ட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 614 பேரை வைத்து நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2010-ல் வெளிவந்த ரேஸ் 2 ஆய்வு இந்தக் கேள்வியை நேரடியாகவே எடுத்துக்கொண்டது. ஒரு குழுவுக்கு ஓய்வில் 110-க்குக் கீழே இருந்தால் போதும் என்றும், மற்றொரு குழுவுக்கு ஓய்வில் 80-க்குக் கீழும் மிதமான உழைப்பில் 110-க்குக் கீழும் இருக்க வேண்டும் என்றும் இலக்கு வைத்தார்கள். மூன்றாண்டுகளின் முடிவில் இறப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம் முதலியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது தளர்வான இலக்கு கடுமையான இலக்கைவிட மோசமாக இல்லை: முதல் குழுவில் 12.9 விழுக்காடு, இரண்டாவதில் 14.9. அளவைச் சரிசெய்ய மருத்துவரிடம் போய்வந்த தடவைகளோ முதல் குழுவில் மொத்தம் 75, இரண்டாவதில் 684. கடுமையான எண்ணைத் துரத்துவதற்குக் கொடுக்க வேண்டிய விலை அந்த இரண்டு எண்களில் தெரிகிறது. இதைப் படித்துவிட்டு எல்லோரும் 105-இல் நிம்மதியாக இருக்கலாம் என்று கொள்வதும் பிழை. படபடப்பும் இளைப்பும் தொடர்பவர்களுக்கும், எக்கோவில் இதயத்தின் பம்பு செய்யும் திறன் குறைந்திருப்பவர்களுக்கும் மருத்துவர்கள் இலக்கை இறுக்குவதுண்டு.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் விட்டுவிட்டு வருபவர்களுக்குச் சிக்கல் வேறு வகையானது. தாக்கம் வந்திருக்கும்போது 140-ஐ 90-க்கு இறக்கும் அதே அளவு, தாளம் தானாகச் சீரான பிறகு நாடியை 45-க்குத் தள்ளிவிடக்கூடும். முன்னதைப் பார்த்துக் கூட்டுவதும் பின்னதைப் பார்த்துக் குறைப்பதுமாகப் போனால், இரண்டுக்கும் பொருந்தும் ஓர் அளவு கிடைக்காமலே போகலாம். அப்போது மாத்திரையை அரையாகவும் காலாகவும் வெட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை; உடலில் மாட்டிக்கொண்டே ஈசிஜியைத் தொடர்ந்து பதியும் 24 மணி நேர ஹோல்டர் பதிவு எடுத்து, பேஸ்மேக்கர் பொருத்தியபின் மருந்தைக் கூட்டுவதா, கோளாறான மின்தூண்டலுக்குக் காரணமான இதயத் திசுவைச் செயலிழக்கச் செய்யும் அப்லேஷன் செய்வதா என்பதைப் பேச வேண்டிய கட்டம் அது.

அளக்கும் முறையிலும் கோளாறு நேர்கிறது. துடிப்பு ஒழுங்கற்று இருக்கும்போது 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் வரும் விடையை நம்ப முடியாது. முழு நிமிடம் எண்ண வேண்டும். வேகமான சில துடிப்புகளில் இதயம் நிரம்பப் போதிய நேரம் கிடைப்பதில்லை என்பதால் அவை மணிக்கட்டு வரை எட்டுவதே இல்லை. இதயம் 120 தடவை துடிக்க, நாடியிலும் ஆக்சிமீட்டரிலும் 95 மட்டுமே தெரிவது இதனால்தான். ஓய்வில் மட்டும் அளப்பது இன்னொரு குறை. உட்கார்ந்திருக்கும்போது 82 இருந்து, ஒரு மாடி ஏறியதும் 150-ஐத் தொடுபவருக்கு அளவு போதாமல் இருக்கலாம். அதை அவர் சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும்.

மில்லிகிராமை மில்லிகிராமோடு ஒப்பிடுவதைப் போல மனத்தைக் குழப்புவது வேறில்லை. பிசோபிரோலாலின் அன்றாட அளவு பொதுவாக 1.25 முதல் 10 மி.கி. வரை, மெட்டோபிரோலாலின் அளவு 25 முதல் 200 மி.கி. வரை என்பதால், 5 மி.கி. போடுபவரின் நோய் லேசானது, 100 மி.கி. போடுபவரின் நோய் கடுமையானது என்று ஆகிவிடாது. ஒரே மெட்டோபிரோலாலிலும் டார்ட்ரேட் வகை விரைவில் கலந்து விரைவில் குறைவதால் இரண்டு வேளை தரப்படுகிறது. எக்ஸ்எல், ஈஆர் என்ற எழுத்துகளோடு வரும் சக்சினேட் வகை நாள் முழுவதும் மெல்லக் கசிவதால் ஒரு வேளை போதும். இந்த இரண்டாம் வகையைக் கோடு இருக்கும் இடத்தில் பாதியாக உடைக்கலாம், ஆனால் பொடித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது. அப்படிச் சாப்பிட்டால் ஒரு நாளுக்கான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். அட்டையில் 47.5 மி.கி. என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் கடைக்காரர் அளவைக் குறைத்துவிட்டார் என்று சண்டைபோட வேண்டியதில்லை, சக்சினேட் 47.5 மி.கி. என்பது டார்ட்ரேட் 50 மி.கி.-க்குச் சமம். மாறாக, பெயருக்குப் பின்னால் ஏஎம் என்று இரண்டு எழுத்து கூடியிருந்தால் கவனிக்க வேண்டும். அதில் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபினும் சேர்ந்திருக்கிறது. பெயர் ஒத்திருந்தாலும் சோடலால் மாற்று மருந்து அல்ல. ஈசிஜியில் க்யூடி இடைவெளியை, அதாவது கீழறைகள் மின்தூண்டப்பட்டு மீண்டும் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தை, நீட்டக்கூடியது என்பதால் அதற்குத் தனிக் கண்காணிப்பு தேவை.

மாத்திரை மாறாமலே அளவு மாறிவிடுவதும் உண்டு. மனச்சோர்வுக்கு எழுதப்படும் பராக்ஸெட்டினும் ஃப்ளூவாக்ஸெட்டினும் கல்லீரலில் மெட்டோபிரோலால் சிதைவதைத் தடுப்பதால், அதே 50 மி.கி. உடலில் பன்மடங்காக வேலை செய்யும். மற்றொரு பீட்டா பிளாக்கரான அட்டெனலால் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதடைந்தவரிடம் அது தேங்கும். ஏவி கணுவை வேறு வழியில் மெதுவாக்கும் வெராபமிலையோ டில்டியாசெமையோ மற்றொரு மருத்துவர் எழுதினால், அதுவும் பீட்டா பிளாக்கரும் சேர்ந்து அந்தக் கணுவை அடைத்துவிடக்கூடும். பலரும் மருந்துப் பட்டியலில் சொல்ல மறப்பது கண் அழுத்த நோய்க்கான டிமோலால் சொட்டு மருந்தை. அதுவும் ஒரு பீட்டா பிளாக்கரே, கண்ணிலிருந்து ரத்தத்தில் கலக்கிறது. எதிர்த்திசையில், தைராய்டு மிகைப்பு, ரத்தசோகை, காய்ச்சல், நீரிழப்பு ஆகியவற்றால் ஏறும் துடிப்பை மருந்தின் குறைபாடாகக் கருதி அளவைக் கூட்டினால் மூல காரணம் மறைந்தே கிடக்கும்.

க்யூடி இடைவெளி இயல்பைவிட நீண்டு ஆபத்தான துடிப்புக் கோளாறு வரக்கூடிய நீண்ட க்யூடி நோய்க்குறி உள்ளவர்களுக்கு மேலே சொன்ன ஓய்வு நாடிக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு பீட்டா பிளாக்கர்களில் நடோலாலும் புரோப்ரனலாலுமே பெரிதும் விரும்பப்படுகின்றன. உழைப்பில் துடிப்பு எவ்வளவு மட்டுப்படுகிறது என்பதை உடற்பயிற்சிச் சோதனையில் பார்த்து அளவைத் தீர்மானிக்கிறார்கள். அங்கே ஒரு வேளையைத் தவறவிடுவதும் ஆபத்தாகலாம்.

சோர்வும் கைகால் குளிர்ச்சியும் தாங்காமல் மாத்திரையைச் சட்டென்று நிறுத்துபவர்கள் உண்டு. நெடுநாள் தடுக்கப்பட்டிருந்த ஏற்பிகள் அட்ரினலினுக்கு மிகையாக எதிர்வினை புரிவதால், நாடி முன்பைவிட உயரும். இதயத் தமனி நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரலாம். ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். சோர்வை வயதின் மீது போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதும் நல்லதன்று. அளவைக் குறைத்தோ வேறு பீட்டா பிளாக்கருக்கு மாற்றியோ பார்க்க இடமுண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இந்த மருந்து மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது.

நாடி 76-இல் நிலைத்தவுடன், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையையும் தேவையில்லை என்று நிறுத்திவிடுபவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். துடிப்பின் வேகம் குறைந்தாலும் துடிதுடிக்கும் மேலறையில் ரத்தம் தேங்கி உறையும் வாய்ப்பு அப்படியே இருக்கிறது. அந்த மாத்திரை வேண்டுமா என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றை வைத்தே கணக்கிடுகிறார்கள். பீட்டா பிளாக்கரின் அளவுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.