பல்சமய ஆன்மிகத் துணையை யாழ்ப்பாணத்துப் பணியிடமொன்றில் அமைப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான கந்தோர்களிலும் கடைகளிலும் காலையில் சுவாமிப் படத்துக்கு விளக்கேற்றிய பின்னரே வேலை தொடங்குகிறது. நவராத்திரியில் வாணி விழாவும் மார்கழியில் ஒளிவிழாவும் ஆண்டு தவறாமல் நடைபெறுகின்றன. இவற்றைப் பார்த்து, தமது பணியிடத்தில் சமயத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று முகாமையாளர் ஒருவர் எண்ணினால் அவரைக் குறைசொல்ல முடியாது. ஆயினும், தாயாரின் அந்தியேட்டி முடிந்த மறுநாளே கணக்கு மேசைக்குத் திரும்பும் ஒருவருக்கோ, இரவுக் கடமையில் ஒரு குழந்தையின் மரணத்தைக் கண்டுவிட்டு விடியலில் வீடு செல்லும் தாதிக்கோ இந்த விழாக்களால் பெரிய பயன் எதுவும் இல்லை. தமது நம்பிக்கையை மதித்து, அவசரப்படாமல் கேட்டு, கேட்டதை மேலதிகாரியிடம் கொண்டுபோகாத ஒருவரே அவர்களுக்குத் தேவை. அத்தகைய ஒருவரை முறையாகப் பணியிடத்துக்குள் கொண்டுவரும் ஏற்பாடே பல்சமய ஆன்மிகத் துணை ஆகும். வழிபாட்டு அறை, விடுமுறை, உணவு முதலியன முக்கியமானவையே. எனினும் அவை இதற்கு அடுத்தபடியாகவே வரவேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

வெளிநாட்டு அனுபவமும் நமது நிலைமையும்

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் 1944இல் ஆயர் லெஸ்லி ஹன்ரர், ரெட் விக்கம் என்ற குருவானவரை உருக்காலைத் தொழிலாளர்களுக்கென நியமித்தார். அவர் ஆலைக்குள் சென்று, இடைவேளைகளில் தொழிலாளர்களுடன் நின்று பேசுவதையே தமது பணியாகக் கொண்டார். அமெரிக்காவில் ரைசன் என்ற பெரிய இறைச்சி உற்பத்தி நிறுவனம் 2000ஆம் ஆண்டு முதல் தனது ஆலைகளில் இத்தகைய துணையாளர்களை வைத்திருக்கிறது. பிரித்தானிய அரச வைத்தியசாலைகளில் இன்று கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து, பௌத்தர் மட்டுமன்றி, சமய நம்பிக்கை இல்லாதவர்களுக்கான துணையாளர்களும் பணியாற்றுகிறார்கள்.

இந்த மாதிரியை அப்படியே இங்கு நட்டுவைக்க முடியாது. நோயாளியையும் துயருற்றவரையும் தேடிச் சென்று சந்திப்பது கிறிஸ்தவ குருவானவரின் வழக்கமான கடமை. சைவ மரபில் குருக்களின் கடமை பெரும்பாலும் ஆலயத்துக்கும் கிரியைகளுக்கும் உரியது. ஆறுதல் சொல்வதை உறவினரும் அயலவரும் ஊர்ப் பெரியவர்களுமே செய்துவந்தார்கள். அந்த உறவு வட்டமே இப்போது மெலிந்துபோயிருக்கிறது. கூடப்பிறந்தவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து செத்தவீட்டைத் தொலைபேசித் திரையில் நேரலையாகப் பார்க்கிறார்கள். திண்ணையில் இரவிரவாகக் கூட இருக்க ஆளில்லை. நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் பணியிடம் அந்த இடைவெளியின் ஒரு சிறு பகுதியையாவது நிரப்பவேண்டிய காலம் வந்துவிட்டது. எனவே சைவர்களுக்கான துணையாளரைத் தேடும்போது கோயில் குருக்களை மட்டும் நினைக்காமல், ஓய்வுபெற்ற சைவசமய ஆசிரியர், ஓதுவார், சைவப்புலவர், ஆதீனத்தோடு தொடர்புடைய தொண்டர் ஆகியோரையும் கருத்தில் கொள்வது நல்லது.

முதலில் கேளுங்கள்

தொடக்கத்திலேயே அறை ஒன்றை ஒதுக்கி, பெயர்ப்பலகை தொங்கவிடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஊழியர்களிடம் பெயர் எழுதத் தேவையில்லாத ஒரு தாளைக் கொடுத்து, மூன்றே கேள்விகளைக் கேட்டால் போதும்: துயரமோ நெருக்கடியோ வந்தபோது இங்கு யாரிடம் பேசினீர்கள், பேசாமல் விட்டதற்கு என்ன காரணம், உங்கள் வழிபாட்டுக்கோ விரதத்துக்கோ வேலை நேரம் எங்கே இடையூறாக இருக்கிறது. ஒருவரின் சமயம் என்ன என்று கேட்கவேண்டியதில்லை. அறுபது பேர் வேலைசெய்யும் இடத்தில் முஸ்லிம் ஊழியர் இருவரே இருந்தால், சமயத்தைக் குறிக்கச் சொல்வது பெயரை எழுதச் சொல்வதற்குச் சமம்.

எண்ணிக்கையில் குறைந்தவர்கள் இத்தகைய விசாரிப்புக்கு முதலில் வாய்திறக்க மாட்டார்கள் என்பதை எதிர்பார்த்தே தொடங்கவேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்களில் ஒரு பகுதியினரே திரும்பி வந்திருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களில் இருந்து வரும் இளையவர் ஒருவர், வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போக நேரம் வேண்டும் என்று கேட்பதையே மிகையான கோரிக்கையாக நினைக்கக்கூடும். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின் உடைக்காகக் கேள்வி கேட்கப்பட்ட பெண்களும், அதே நாளில் தேவாலயங்களில் கொல்லப்பட்டவர்களின் உறவினர்களும் ஒரே கந்தோரில் பணியாற்றும் நாடு இது. சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சமயத்துக்குமான சுதந்திரத்தை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை உறுதிப்படுத்தினாலும், அந்தச் சுதந்திரத்தைப் பணியிடத்தில் உணரச்செய்வது முகாமையாளரின் நடத்தைதான்.

ஆளைத் தெரிவுசெய்தல்

ஒவ்வொரு சமயத்துக்கும் ஒருவரை மாதச் சம்பளத்தில் அமர்த்த யாழ்ப்பாணத்து நிறுவனம் எதற்கும் வசதியிராது. அதற்குத் தேவையும் இல்லை. வாரத்தில் ஒரு பிற்பகல் வந்துபோகும் பொதுத் துணையாளர் ஒருவரும், அழைத்தால் வரச் சம்மதித்துள்ள சமயத்தவர் சிலரின் தொலைபேசிப் பட்டியலும் இருந்தால் போதும். பொதுத் துணையாளர் எந்தச் சமயத்தவராகவும் இருக்கலாம். ஆனால் பிற சமயத்தவரின் துயரத்தைத் தமது சமயத்தின் விளக்கத்தால் மூடிவிடாதவராக அவர் இருக்கவேண்டும். உளவளத்துணையில் பயிற்சி பெற்ற அருட்சகோதரிகளும் ஆசிரியர்களும் சமூகப் பணியாளர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். போர்க்காலத்திலும் ஆழிப்பேரலைக்குப் பின்னரும் இந்த மண்ணில் உளசமூகப் பணி பரவலாக நடந்ததன் பயன் அது. பட்டியலில் சைவர், கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபை அல்லது மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்த ஒருவர், மௌலவி ஆகியோர் இருப்பதுடன், சிங்கள ஊழியர்கள் இருந்தால் சிங்களம் பேசக்கூடிய பௌத்த பிக்கு ஒருவரும் இருக்கவேண்டும். பெண் ஊழியர்கள் உள்ள இடத்தில் பட்டியல் முழுவதும் ஆண்களாக இருந்தால் அது பாதி ஏற்பாடுதான்.

சாதியை இங்கு பேசாமல் கடந்துபோவது நேர்மையாகாது. கோயில் நிர்வாகத்தில் செல்வாக்குள்ள ஒருவரை ஆன்மிகத் துணையாளராகக் கொண்டுவந்தால், அந்தக் கோயிலுக்குள் ஒருகாலத்தில் தம் பெற்றோர் அனுமதிக்கப்படவில்லை என்பதை நினைவில் வைத்திருக்கும் ஊழியர் அவரிடம் வாய்திறப்பாரா? நேர்முகத்தின்போது ஒருவரின் பேச்சை மட்டும் கவனிக்காமல், துப்புரவுப் பணியாளரோடும் காவலாளியோடும் அவர் எப்படிப் பழகுகிறார் என்பதையும் கவனியுங்கள்.

எழுத்தில் வைக்கவேண்டியவை

துணையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஒரு பக்க உடன்பாடு எழுதப்படவேண்டும். அதில் முதலாவது, மதமாற்றப் பேச்சும், துண்டுப்பிரசுர விநியோகமும், வழிபாட்டுக் கூட்டத்துக்கான அழைப்பும் முற்றாகத் தடை என்பது. மதமாற்றம் பற்றிய சந்தேகம் நமது ஊர்களில் எவ்வளவு விரைவாகப் பகையாக மாறும் என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தாம் கேட்டாலன்றி எவரும் தமக்காகச் செபிக்கவோ தேவாரம் பாடவோ கூடாது என்று எதிர்பார்க்கும் உரிமை ஊழியருக்கு உண்டு.

இரண்டாவது, இரகசியம். ஒருவர் பகல் சொன்னது பொழுதுபடுமுன் சந்தியில் பேசப்படும் சிறிய சமூகத்தில் வாழ்கிறோம். துணையாளரின் மாமி முறையானவர் அடுத்த மேசையில் இருக்கக்கூடும். எனவே யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பது முகாமைக்குத் தெரிவிக்கப்படமாட்டாது என்பதும், மாத இறுதியில் எத்தனை உரையாடல்கள் நடந்தன என்ற எண்ணிக்கை மட்டுமே வழங்கப்படும் என்பதும் உடன்பாட்டில் தெளிவாக இருக்கவேண்டும். இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு: ஒருவரின் உயிருக்கு ஆபத்து இருப்பது, சிறுவர் ஒருவர் துன்புறுத்தப்படுவது. இவ்விரண்டையும் உரையாடலின் தொடக்கத்திலேயே ஊழியருக்குச் சொல்லிவிடவேண்டும். ஒழுக்காற்று விசாரணைக்கோ பதவி உயர்வுக்கோ துணையாளரிடம் அபிப்பிராயம் கேட்கும் முகாமையாளர், இந்த ஏற்பாட்டைத் தாமே அழித்துவிடுகிறார்.

மூன்றாவது, எல்லை. துணையாளர் வைத்தியர் அல்லர். தூக்கமின்மை, தற்கொலை எண்ணம், தொடர்ந்த குடி ஆகியவற்றைக் கண்டால் அவர் உரிய இடத்துக்கு ஆற்றுப்படுத்தவேண்டும். யாழ் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை ஆகியவற்றின் உளநல மருத்துவப் பிரிவுகள், பிரதேச செயலகங்களில் உள்ள உளவளத்துணை உத்தியோகத்தர்கள், உளவளத்துணை வழங்கும் சாந்திகம் நிறுவனம், தேசிய உளநல உதவி இலக்கமான 1926 ஆகியவை அறிவித்தல் பலகையில் நிரந்தரமாக இருக்கட்டும். பேய்பிடித்தது, செய்வினை என்று விளக்கி வைத்தியத்தைத் தள்ளிப்போடச் சொல்லும் எவரையும், அவர் எந்தச் சமயத்தவராயினும், பட்டியலில் இருந்து உடனே நீக்கவேண்டும்.

துயரம் நேரும்போது

இந்த ஏற்பாட்டின் பயன் வேறெங்கையும்விட இங்கேதான் அதிகம் தெரியும். ஆகவே துணையாளரும் முகாமையாளரும் சில வழக்கங்களை முன்னரே அறிந்திருக்கவேண்டும். சைவக் குடும்பத்தில் மரணம் நேர்ந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டி வரை துடக்குக் காப்பது வழக்கம். அந்நாட்களில் அவர்கள் கோயிலுக்குப் போகமாட்டார்கள். 'நல்லூருக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்தால் மனம் ஆறும்' என்று நல்லெண்ணத்தோடு சொல்வதுகூட அவர்களுக்குச் சங்கடமாகிவிடும். எட்டுச் செலவுக்கும் கீரிமலைக் கடற்கரையில் நடக்கும் கிரியைகளுக்கும் மீண்டும் விடுப்புத் தேவைப்படும் என்பதால், விடுப்பை ஒரே தொகுதியாகக் கொடுத்து முடித்துக்கொள்வது பொருந்தாது. கத்தோலிக்கர்கள் 31ஆம் நாளன்று நினைவுத் திருப்பலி ஒப்புக்கொடுப்பார்கள். முஸ்லிம்கள் இறந்தவரை எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக அடக்கம் செய்வதால், தொலைபேசி வந்த அந்த நிமிடமே ஊழியரை விடுவிக்கவேண்டும்; விடுப்புப் படிவத்தைப் பிறகு நிரப்பலாம். கணவனை இழந்த முஸ்லிம் பெண்ணுக்கு 4 மாதமும் 10 நாளும் வீட்டில் தங்கித் துக்கம் காக்கும் இத்தா காலம் என்பதால், வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை, சம்பளமற்ற விடுப்பு ஆகியவற்றை அவரோடு பேசி ஒழுங்குசெய்யவேண்டும்.

எந்தச் சமயத்தின் கிரியைக்கும் அடங்காத ஒரு துயரமும் இங்கு உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்கோ கணவனுக்கோ திவசம் செய்வதா என்பதைத் தீர்மானிக்க முடியாமல் வாழ்பவர்கள் நமது கந்தோர்களில் வேலைசெய்கிறார்கள். செய்தால் இறந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். செய்யாவிட்டால் மனம் அமைதிகொள்ளாது. 'இனியாவது கிரியையைச் செய்து விடுங்கோ' என்று அறிவுரை சொல்வதும், 'வருவார், நம்புங்கோ' என்று தேற்றுவதும் ஒரே அளவுக்குத் தவறானவை. துணையாளர் அவர் பக்கத்தில் இருந்து, அவர் எந்த முடிவும் எடுக்கவேண்டியதில்லை என்ற உணர்வைக் கொடுப்பதே போதுமானது. மே மாதத்தில், குறிப்பாகப் போரின் முடிவில் இறந்தவர்களை நினைவுகூரும் 18ஆம் திகதியை ஒட்டி, துணையாளரின் வருகையைக் கூட்டுவதும், அந்த வாரத்தில் கேளிக்கை நிகழ்வுகளைத் தவிர்ப்பதும் நல்லது.

அறையும் நேரமும் உணவும்

அமைதி அறைக்கு நிரந்தரப் படம் எதுவும் வேண்டாம். சுவாமிப் படம், சிலுவை, குர்ஆன் ஆகியவற்றைப் பூட்டக்கூடிய அலுமாரியில் தனித்தனித் தட்டுகளில் வைத்து, வேண்டியவர் எடுத்துப் பயன்படுத்திவிட்டு வைக்கலாம். பாய், கால் கழுவக்கூடிய தண்ணீர்க் குழாய், செருப்பு வைக்கும் இடம், மேற்கிலிருந்து சற்று வடக்காகத் தொழும் திசையைக் காட்டும் ஒரு சிறு குறி ஆகியவை போதும். கற்பூரமும் சாம்பிராணியும் மூடிய அறைக்குள் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் எல்லாச் சமயத்திலும் இருக்கிறார்கள்.

நேர ஒழுங்குகளில் பெரும்பாலானவை செலவில்லாதவை. வெள்ளிக்கிழமை நண்பகலில் சோனகத் தெருப் பள்ளிவாசலுக்குப் போய்வர ஒன்றரை மணி நேரம் கொடுத்து, அதை மாலையில் ஈடுசெய்யச் சொல்லலாம். ரமழான் மாதத்தில் மாலைக் கடமையில் இருப்பவருக்கு நோன்பு திறக்கப் பதினைந்து நிமிடம் ஒதுக்கவேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பலர் மச்சம் உண்பதில்லை. கந்தசஷ்டியின் ஆறு நாளும் கடும் விரதம் இருப்பவர்கள் உண்டு. தவக்காலத்தில் கத்தோலிக்க ஊழியர்களும் அவ்வாறே. சிற்றுண்டிச்சாலையில் மரக்கறிக்கும் மச்சத்துக்கும் வெவ்வேறு அகப்பைகள் வைப்பதும், ஹலால் உணவு எங்கிருந்து வருகிறது என்று எழுதிவைப்பதும் அதிக செலவுள்ள காரியங்கள் அல்ல.

பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலைசெய்யும் கடைகள் தனியாக இதை நடத்த முடியாது. ஒரே தெருவில் உள்ள நாலைந்து நிறுவனங்கள் சேர்ந்து, ஒரு துணையாளரின் போக்குவரத்துச் செலவையும் சிறு கொடுப்பனவையும் பகிர்ந்துகொள்ளலாம். இதில் ஒரு மறைமுக நன்மையும் உண்டு: யார் எந்தக் கடையிலிருந்து பேச வந்தார் என்பதை மற்றவர்கள் ஊகிப்பது கடினமாகிவிடும். தொலைபேசிப் பட்டியலில் உள்ளவர்களை ஆண்டுதோறும் தை மாதத்தில் ஒருமுறை அழைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். குருவானவர்களுக்குப் பங்கு மாற்றம் வருகிறது, மௌலவிமார் ஊர் மாறுகிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் வெளிநாடு போய்விடுகிறார்கள்.