மாமாவின் யெஸ்டி மறுபடி ஓடுகிறது

மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் செய்த 250 சிசி டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள், யெஸ்டி. மாமா போனபின் பல வருஷமாகக் கொட்டகையிலேயே கிடந்தது. உதைக்கும் முன் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் டாப் கியரில் பின்சக்கரத்தை மெல்லத் தள்ளியதும் பிஸ்டன் அசைந்தது. டேங்க் துருவுக்கு வினிகர். கார்புரேட்டர் ஜெட்டில் (பெட்ரோல் வரும் சிறு துளை) பழைய பெட்ரோல் பிசினாக இறுகியிருந்தது.

ஸ்டார்ட் ஆனது. ஆனால் வெள்ளைப் புகை நிற்கவேயில்லை, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தது. டூ ஸ்ட்ரோக்கில் இப்படி இருந்தால் முதலில் கிராங்க் ஆயில் சீலைப் (கிராங்க் தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) பாருங்கள்: ரப்பர் காய்ந்துவிட்டால் கிளட்ச் பக்கத்து ஆயிலை எஞ்சின் உறிஞ்சும். இதற்குப் போய் ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்கிறவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. இரண்டு சீலையும் மாற்றினேன், புகை அடங்கியது. பெட்ரோலில் டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) கலக்க மறக்காதீர்கள். இந்த வண்டிக்குத் தனி ஆயில் பம்ப் கிடையாது.